ஜேபெக் கழித்துவிடும் புள்ளி

பழைய துண்டுப் பிரசுரங்களையும் சிறுபத்திரிகைகளையும் ஸ்கேன் செய்து வைக்கும் நண்பர்களில் அநேகர், நான் பார்த்தவரை, ஜேபெக்காகத்தான் சேமிக்கிறார்கள். இதை வெறும் தொழில்நுட்ப விஷயமாக என்னால் பார்க்க முடியவில்லை.

1992இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் புகைப்படத்துக்கென்று உருவானது. படத்தை எட்டுக்கு எட்டு பிக்ஸல் கட்டங்களாக வெட்டி, கண்ணுக்கு உறைக்காது என்று அது கருதும் நுண்விவரங்களைக் கழித்துவிடுகிறது. முகத்துக்கோ வயலுக்கோ பாதகமில்லை. கறுப்பு எழுத்து வெள்ளைத் தாளைச் சந்திக்கும் விளிம்பு இருக்கிறதே, அங்கேதான் சிக்கல். எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிகிறது. மங்கிய ஈய அச்சில் மெய்யெழுத்தின் புள்ளி கரைந்து போச்சு என்றால் ‘பல்’ ‘பல’ ஆகிவிடும். எதைக் கழிக்கலாம் என்று தீர்மானிப்பது யாருடைய கண்? திருத்தித் திரும்பச் சேமிக்கும்போதெல்லாம் இழப்பு கூடும். அப்புறம் பிஎன்ஜியாக மாற்றி என்ன பயன்? போனது போனதுதான், கோப்புதான் பெருக்கும்.

பிஎன்ஜி பிறந்ததே ஓர் எதிர்ப்பில். கிஃப் கோப்பின் சுருக்கமுறைக்குக் காப்புரிமை வைத்திருந்த யூனிசிஸ், 1994 கடைசியில் மென்பொருள் செய்வோரிடம் உரிமத்தொகை கேட்டது. யாருக்கும் கப்பம் கட்ட வேண்டாத வடிவமாக 1995இல் பிஎன்ஜியை உருவாக்கத் தொடங்கினார்கள். எதையும் கழிக்காமலே சுருக்குகிறது அது.

ஆகவே மூலத்தை டிஃபிலோ பிஎன்ஜியிலோ ஸ்கேன் செய்து, கைபடாமல் வையுங்கள். அனுப்புவதற்கு அதிலிருந்து ஜேபெக் எடுத்துக்கொள்ளலாம். டிஃப் என்று பெயர் இருந்தாலே நம்பிவிடக் கூடாது. அதற்குள்ளும் ஜேபெக் சுருக்கத்தை வைக்க முடியும். சேமிக்கும்போது சுருக்கமுறை எது என்று ஒருதடவை பார்த்துக்கொள்ளுங்கள்.