ஓடாத நாளும் பயிற்சி நாள்தான்

இரண்டாம் நிலைக் காவலர் எழுத்துத் தேர்வின் முடிவு வந்துவிட்டால், மணலூர்பேட்டை போன்ற ஊர்களில் தேறிய இளைஞர்களுக்கு ஒரே கவலைதான்: 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். பிறகுதான் கயிறு ஏறுவதும் நீளம் தாண்டுவதும். அதுவரை ஓடியே பழகாதவர்களும் விடிகாலையில் தார்ச்சாலையில் இறங்கிவிடுகிறார்கள். காலை, மாலை, ஞாயிற்றுக்கிழமை என்று எதையும் விடுவதில்லை. ஒரு குடும்பத்தின் முதல் அரசு வேலை அந்த ஓட்டத்தில் இருக்கிறது. அந்த உழைப்பை மதிப்பதால்தான் வாரத்தில் ஒரு நாளாவது ஓடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கத் தோன்றுகிறது.

மூச்சு சீக்கிரம் பழகிவிடும். சில வாரங்களிலேயே நேரம் குறையத் தொடங்கும். எலும்பு அப்படியல்ல. அதிர்வு கூடியதும் உடல் முதலில் களைத்த எலும்பை அரித்து எடுக்கிறது. அதற்குச் சில வாரம். அந்த இடத்தில் புது எலும்பு கெட்டிப்பட மாதக்கணக்கில் ஆகும். ஆக, 'இப்போதுதான் நன்றாக ஓடுகிறேன்' என்று தூரத்தைக் கூட்டும் அதே வேளையில் கணைக்கால் எலும்பு முன்பைவிட மெலிந்திருக்கலாம். விரிசல் விழுவது அப்போதுதான்.

தார்ச்சாலைக்குப் பதில் தென்பெண்ணை ஆற்று மணலில் ஓடினால் அதிர்வு குறையும், உண்மைதான். ஆனால் கெண்டைச் சதைக்கும் குதிகால் தசைநாணுக்கும் பாரம் கூடுகிறது.

பெரிய கிரிக்கெட் வீரர்களையும் இப்படிப்பட்ட காயம் விட்டதில்லை. 1987-ல் சென்னையில் எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சி மையத்துக்கு வழிகாட்ட வந்த டென்னிஸ் லில்லி, 1973-ல் முதுகெலும்பு விரிசலால் மாவுக்கட்டோடு முடங்கியவர். ஆற விட்டுத் திரும்பி, 1974-75 ஆஷஸ் தொடரில் 25 விக்கெட் எடுத்தார். பக்கத்துச் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன், ஆஸ்திரேலியாவில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமான சில மாதங்களில், 2021 ஏப்ரலில் முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டியிருந்தது.

வேகமாக ஓடிய மறுநாள் மெதுவாக ஓடுங்கள், அல்லது நடங்கள். வயிறாரச் சோறு, முழு இரவுத் தூக்கம் இரண்டையும் விடாதீர்கள். வலி கணைக்கால் நெடுகப் பரவலாக இருந்தால் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்துப் பார்க்கலாம். ஒரே இடத்தில் விரல் வைத்ததும் சுரீரென்று குத்தினாலோ, இரவில் படுத்தும் வலித்தாலோ, அன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். முதல் சில வாரங்களில் இந்த விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதுண்டு. படத்தில் ஒன்றுமில்லை என்பதற்காக மறுநாளே ஓடக் கிளம்ப வேண்டாம்.