கணிப்பொறிக்கும் நாடி பார்ப்போம்

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. இன்றைய விஞ்ஞான உலகில் இம்முதுமொழி கணிப்பொறிக்கும் பொருந்துவதை நாம் காண்போம்.

பல மருத்துவமனைகளில் செவிலியரின் மேசை மேல் இருப்பவை ஒரு திரை, ஒரு விசைப்பலகை, ஒரு சிறு பெட்டி ஆகியவை மட்டுமே. உண்மையான வேலை வேறோர் இடத்திலுள்ள சர்வரில் நடைபெறுகிறது. இதனையே 'மெய்நிகர் மேசைக் கணிப்பொறி' என்பர். சிட்ரிக்ஸ் நிறுவனத்தின் முறையில், ஸ்டோர்ஃப்ரண்ட் என்னும் வாசலில் பெயரும் கடவுச்சொல்லும் தந்து உள்ளே நுழையலாம். இவ்வாசல் மைக்ரோசாஃப்ட்டின் ஐ.ஐ.எஸ். என்னும் இணைய சர்வரின் மேல் இயங்குகிறது.

ஐ.ஐ.எஸ்.ஸில் வேலைகள் 'அப்ளிகேஷன் பூல்' எனப்படும் தனித்தனிப் பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளன. இம்முறை விண்டோஸ் சர்வர் 2003 உடன் வந்தது. ஒரு வகுப்பின் சத்தம் அடுத்த வகுப்பின் பாடத்தைக் கெடுக்காதிருக்க நடுவே சுவர் எழுப்புகிறோம் அல்லவா? அதுபோல, ஒரு பூலில் நேரும் பழுது மற்றொன்றைத் தாக்காது. பூலில் உழைக்கும் நிரலை ஐ.ஐ.எஸ். 30 வினாடிகளுக்கு ஒருமுறை "நலமா?" என்று விசாரிக்கிறது. 90 வினாடிகளுக்குள் பதில் வராவிடில் அதை நீக்கிவிட்டுப் புதிய நிரலை அமர்த்துகிறது. ஆனால் 5 நிமிடங்களுக்குள் 5 முறை நிரல் விழுந்தால் அந்தப் பூலையே நிறுத்திவிடுகிறது. தொடக்கத்தில் அமைந்துள்ள அளவுகள் இவை.

இங்குதான் ஒரு வேடிக்கை நிகழ்கிறது. பூல் நின்றாலும் சர்வர் நிற்பதில்லை. கதவைத் தட்டுவோருக்கு '503' என்னும் பிழைச் செய்தியை அது தவறாமல் தருகிறது. ஆகவே "சர்வர் பதில் சொல்கிறதா?" என்று மட்டும் பார்க்கும் சோதனை, யாவும் நலமே என்று அறிவிக்கும். செவிலியரோ உள்ளே நுழைய முடியாமல் தவிப்பார்!

அப்படியானால் சோதனைகளை எவ்வாறு அமைப்பது?

முதலாவது, ஒவ்வொரு பூலும் இயங்கும் நிலையில் உள்ளதா என்று தனித்தனியே பார்க்க வேண்டும். நிரல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தல் தகாது. 20 நிமிடங்கள் யாரும் வராவிடில் நிரல் ஓய்வெடுப்பது ஐ.ஐ.எஸ்.ஸின் வழக்கம். அது நோயன்று, உறக்கமே.

இரண்டாவது, காத்திருக்கும் வரிசையை அளக்க வேண்டும். ஒரு பூலின் வரிசையில் 1000 கோரிக்கைகளே நிற்கலாம். அதற்கு மேல் வருபவை திருப்பி அனுப்பப்படும். வரிசை நீளும்போதே எச்சரிக்கை வந்தால் பொறுப்பாளர் விரைந்து செயல்படலாம்.

மூன்றாவது, நுழைவுப் பக்கத்தை உண்மையாகவே திறந்து பார்க்க வேண்டும். பயனாளர் எதைக் காண்கிறாரோ அதையே சோதனையும் காண வேண்டும்.

நான்காவது, ஒரே ஒரு தவறுக்கு மணி அடிக்கலாகாது. தொடர்ந்து இரண்டு மூன்று முறை தவறினால் மட்டுமே அடிக்க வேண்டும். "புலி வருது, புலி வருது" என்று கூவிய சிறுவனின் கதையை நாம் அறிவோம். அடிக்கடி வீணாக ஒலிக்கும் மணியை, உண்மையான ஆபத்தின்போது எவரும் பொருட்படுத்தமாட்டார்.

இதில் ஒரு கணக்கும் உண்டு. ஐ.ஐ.எஸ். 1740 நிமிடங்களுக்கு ஒருமுறை, அதாவது 29 மணி நேரத்திற்கு ஒருமுறை, பழைய நிரலை மாற்றிப் புதியதை அமர்த்துகிறது. ஏன் 29? அது 24-க்கு அடுத்து வரும் முதல் பகா எண். ஆதலால் இம்மாற்றம் நாள்தோறும் ஒரே நேரத்தில் நிகழாது. நாம் வகுப்பில் கற்கும் பகா எண் எங்கெல்லாம் பயன்படுகிறது, பார்த்தீர்களா?

நள்ளிரவில் ஒரு நோயாளிக்கு எந்த மருந்து, எப்போது கொடுக்கப்பட்டது என்று செவிலியர் அறிந்தே ஆக வேண்டும். அந்த வேளையில் திரை திறப்பதும் திறவாததும் உயிர்ப் பிரச்சினை. எனவே தோழியரே, "சர்வர் இயங்குகிறதா?" என்று கேட்பதோடு நின்றுவிடாமல், "அதை நம்பியிருப்பவரின் வேலை நடக்கிறதா?" என்று கேட்பதே நல்ல சோதனை எனக் கொள்வோமாக!