ஒரு வடிகானும் நான்கு கடதாசிகளும்

எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் மாதத்தின் முதலாவது வெள்ளிக்கிழமை அறிவித்தல் பலகையில் ஒரு கணக்கு ஒட்டப்படும். உண்டியல் வரவு, கடை வாடகை, முஅத்தினாரின் சம்பளம், மின்சாரப் பட்டியல், ஹவுழுக் குழாய் திருத்தியது. ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடுகிற நேரத்தில் பத்துப் பேராவது அதன் முன் நின்று வாசிப்பார்கள். ஒரு முறை மின்குமிழ் வாங்கிய கணக்கில் ஒரு பெருக்கல் பிழை. அஸருக்கிடையில் அது ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. பொருளாளர் இஷாவுக்குப் பிறகு எழுந்து நின்று விளக்கம் சொன்னார்.

அதே ஊரில் ஒரு பிரதேச சபையும் இருக்கிறது. மூத்தவர்கள் பழைய கிராம சபையின் ஞாபகத்தில் அதனை இன்னும் 'வீ.சீ.' என்பார்கள். பள்ளிவாசலின் வருடக் கணக்கை அது ஒரு மாதத்தில் செலவழிக்கும். அதன் கணக்கை நின்று வாசித்த ஒருவரையும் நான் கண்டதில்லை. நானும் 2019 வரை வாசித்ததில்லை.

இதற்குக் காரணம் சோம்பல் மட்டுமல்ல. பள்ளிச் சல்லி நம்முடைய சல்லி, சபையின் சல்லி 'கவர்மெண்ட் சல்லி' என்று நம் மனதில் ஒரு பிரிவு இருக்கிறது. உண்மையில் அந்தச் சல்லியில் பெரும் பங்கு நம் கையிலிருந்து போனதுதான். ஆதன வரி (நம்மில் பலருக்கு அது சோலை வரி), கடைக்கு எடுக்கும் வியாபார அனுமதிப்பத்திரம், சந்தைக் குத்தகை, சபைக் கடைகளின் வாடகை. காணி வாங்கி உறுதி முடிக்கும் போது கட்டுகிற முத்திரைத் தீர்வையும், நீதிமன்றத்தில் கட்டுகிற தண்டப்பணமும் மாகாணத்தின் ஊடாகச் சபைக்கே வந்து சேர்கின்றன. மகளுக்குச் சீதனமாக ஒரு வளவை வாங்கியவர் சபைக்கும் ஒரு தொகை கொடுத்திருக்கிறார். அதை அவர் அறியமாட்டார்.

இனி வடிகானுக்கு வருகிறேன்.

2019ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எங்கள் ஒழுங்கையில் கொங்கிரீட் வடிகான் ஒன்று கட்டினார்கள். மேலே மூடிகளும் போட்டார்கள். பார்வைக்கு நல்ல வேலை. ஆனால் ஒழுங்கையின் கீழ்ப் பக்கத்தில், பெரிய வீதியின் மதகைப் போய்ச் சேர்வதற்கு முன்பே, ஒரு வீட்டு மதிலோடு அது நின்றுவிட்டது. அதற்கப்பால் வெறும் மண். அந்த வருட மாரியில், முன்பெல்லாம் மணலில் பரவி வற்றிப்போன தண்ணீர், வடிகானால் ஒழுங்காகத் திரட்டப்பட்டுக் கடைசி மூன்று வீடுகளின் முற்றத்தில் கொண்டுபோய்க் கொட்டப்பட்டது. அதில் ஒரு வீட்டில் எழுந்து நடக்க முடியாத உம்மா ஒருவர். கட்டிலைச் செங்கல்லில் உயர்த்தி வைத்திருந்தார்கள். நுளம்பைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

தேநீர்க் கடையில் தீர்ப்பு அடுத்த நாளே வந்துவிட்டது. "பாதியில நிப்பாட்டிட்டு மிச்சச் சல்லியத் திண்டுட்டான்." தின்றதாகச் சொல்லப்பட்டவர் எங்கள் வட்டாரத்து உறுப்பினர். 2018 தேர்தலில் முதன்முறை சபைக்குப் போனவர். என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் கணிதம் படித்தவர். அந்தக் கடையில் நானும் இருந்தேன். "படிக்கிற காலத்துலயும் கணக்கு அவனுக்குச் சரியா வராது" என்று நான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். சில வாரங்களில் அவர் எங்கள் பள்ளிக்கு வருவதை விட்டு அடுத்த மஹல்லாவில் தொழத் தொடங்கினார்.

கொழும்பிலிருந்து வந்த என் மருமகன்தான் கேட்டார்: "மாமா, திண்டது உண்மையெண்டா பேப்பர்ல இரிக்கும். கேட்டுப் பாத்தீங்களா?"

கேட்பதற்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2015இல் அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம் இந்த உரிமையை 14அ என்ற உறுப்புரையாகச் சேர்த்தது. சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. பிரதேச சபையாகட்டும், நகர சபையாகட்டும், மாநகர சபையாகட்டும், எல்லாமே இதற்குள் அடங்கும். சபைக்கென ஒரு தகவல் அலுவலர் இருப்பார். அவரிடம் எழுத்தில் கேட்கலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அவரே எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அவரும் கைவிட்டால் கொழும்பிலுள்ள ஆணைக்குழு. சட்டத்தரணி தேவையில்லை. ஏன் கேட்கிறீர்கள் என்பதற்குக் காரணம் சொல்லவும் தேவையில்லை.

சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. நான் போன அன்று கருமபீடத்தில் இருந்த தம்பி, "சேர், இது உங்களுக்கு என்னத்துக்கு? ஆராவது சொல்லி அனுப்பினாங்களா?" என்றுதான் கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. இதற்கு முன் யாரும் அவரிடம் கேட்டதில்லை, அவ்வளவுதான். 14 வேலை நாட்கள் போயின, பதில் இல்லை. மேன்முறையீடு எழுதினேன். 2020 ஜனவரி கடைசியில் ஒரு கடித உறை வந்தது.

நான் கேட்டது நான்கு கடதாசிகள். இவை எந்தச் சிறிய வேலைக்கும் இருக்க வேண்டியவை என்பதால் ஒவ்வொன்றையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, இந்த வேலையைச் செய்வதென்று சபை தீர்மானித்த கூட்டத்தின் கூட்டறிக்கை. இரண்டாவது, தொழில்நுட்ப உத்தியோகத்தர் தயாரித்த மதிப்பீடு. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எத்தனை மீற்றர், எத்தனை மூடி, ஒவ்வொன்றுக்கும் என்ன விலை என்பது அதில்தான் இருக்கும். மூன்றாவது, ஒப்பந்தம். யாருக்குக் கொடுத்தார்கள், என்ன தொகைக்கு, எத்தனை நாளில் முடிக்க வேண்டும், முடித்த பின் குறைபாடு வந்தால் எவ்வளவு காலத்துக்கு அவர் பொறுப்பு. நான்காவது, கடைசிக் கொடுப்பனவுப் பட்டியலும் அதனோடு இருக்கும் அளவுத் தாள்களும். வேலை முடிந்ததும் உத்தியோகத்தர் நேரில் போய் அளந்து எழுதிக் கையொப்பமிட்ட தாள் அது. திருட்டு என்று ஒன்று நடந்தால் பெரும்பாலும் அது இரண்டாவது கடதாசிக்கும் நான்காவது கடதாசிக்கும் இடையில்தான் நடக்கும். மதிப்பீட்டில் உள்ளது நிலத்தில் இல்லாமல், அளவுத் தாளில் மட்டும் இருக்கும்.

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மருமகனும் நானும் ஒழுங்கையில் இறங்கினோம். சிறுவர்கள் கூடிவிட்டார்கள். நீளம் சரியாக இருந்தது. மதிப்பீட்டில் உள்ள நீளமும், அளவுத் தாளில் உள்ள நீளமும், நிலத்தில் உள்ள நீளமும் ஒன்றே. அந்த மதிலடியில் நிற்பதாகத்தான் மதிப்பீடே எழுதப்பட்டிருந்தது. வடிகானைப் பாதியில் யாரும் நிறுத்தவில்லை. பாதியாகவே திட்டமிட்டிருந்தார்கள்.

ஏன் என்பது கூட்டறிக்கையில் இருந்தது. அந்த வருடப் பாதீட்டில் வீதிக்கும் வடிகானுக்கும் ஒதுக்கிய பணத்தை உறுப்பினர்களுக்கிடையில் சமமாகப் பங்கிடுவதென்று தீர்மானம். எதிர்ப்பு இல்லை, விவாதமும் இல்லை, ஏகமனதாக நிறைவேறியது. எங்கள் வட்டாரம் அந்த மதிலடியில் முடிகிறது. அதற்கப்பால் அடுத்த வட்டாரம். அந்த உறுப்பினர் தன் பங்கை வேறொரு ஒழுங்கைக்குக் கொடுத்திருந்தார். தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்வி அந்தக் கூட்டத்தில் எழுந்ததற்கான ஒரு வரியும் இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு அதிகம் யோசனை ஓடியது. சமமாகப் பங்கிடுவது நமக்கு நீதியாகப் படுகிறது. கட்சிச் சண்டை வராது, யாரும் கோபிக்க மாட்டார்கள். 2018இல் வட்டாரமும் விகிதாசாரமும் கலந்த 60க்கு 40 முறை வந்து உறுப்பினர் தொகை கூடியதும், பல கட்சிகள் சேர்ந்து ஆட்சி அமைக்க வேண்டி வந்ததும் இந்தப் பங்கீட்டுக்கு இன்னும் வசதியாயிற்று. ஆனால் சபை என்பது வாப்பா மௌத்தான பின் பிள்ளைகள் பிரித்துக்கொள்ளும் வளவு அல்ல. ஊர் முழுவதற்குமான வடிகான் வரைபடம் ஒன்று இருந்து, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு, கடைசி மதகிலிருந்து பின்னோக்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தால் அந்த மூன்று வீட்டுக்கும் தண்ணீர் வந்திருக்காது. பணத்தை இருபது துண்டாக வெட்டினால் இருபது துண்டு வடிகான்தான் கிடைக்கும். இதை ஊழல் என்று எந்த நீதிமன்றமும் சொல்லாது. கணக்காய்வாளர் நாயகத்தின் ஆட்கள் வந்து பார்த்தாலும் கணக்கு நேராகத்தான் இருக்கும். பணம் மட்டும் வீணாகப் போயிருக்கும்.

பிரதேச சபைகளுக்கான 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் இதற்கு வழி வைக்காமலும் இல்லை. நிதி, வீடமைப்பு, தொழில்நுட்ப சேவை, சுற்றாடல் ஆகிய விடயங்களுக்குச் சபை குழுக்கள் அமைக்க வேண்டும். உறுப்பினரல்லாத ஊரவர்களையும் அவற்றில் சேர்த்துக்கொள்ள இடமுண்டு. எங்கள் ஊரில் இளைப்பாறிய பொறியியலாளர்கள் இருவர் இருக்கிறார்கள். அவர்களை எந்தக் குழுவுக்கும் யாரும் அழைத்ததில்லை. அழைக்கும்படி நாமும் கேட்டதில்லை.

நிலத்தில் ஒரு குறை இருக்கவே செய்தது. மூடிகளை எண்ணினோம். அளவுத் தாளில் உள்ளதைவிட ஆறு குறைந்தது. ஒப்பந்தம் ஒரு சங்கத்தின் பெயரில் இருந்தது, வேலை செய்தது வேறு ஆள். இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த இரகசியம். ஒப்பந்தத் தொகையில் ஒரு பங்கைக் குறைபாடு திருத்தும் காலம் முடியும்வரை சபை கொடுக்காமல் பிடித்து வைத்திருக்கும். அந்தக் காலம் இன்னும் முடியவில்லை. எண்ணிக்கையை எழுதி, படமும் எடுத்து, செயலாளருக்குக் கொடுத்தேன். மூன்று கிழமையில் ஆறு மூடியும் வந்தன. ஒரு மாதம் பிந்திப் போயிருந்தால் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

உறுப்பினரின் வீட்டுக்கு ஒரு மஃரிபுக்குப் பிறகு போனேன். கதிரையை இழுத்துப் போட்டு, "வாங்க சேர்" என்றார். கடதாசிகளைக் காட்டினேன். அவர் வாசிக்கவில்லை. "எனக்குத் தெரியும் சேர். நான் திங்கல்ல எண்டு நான் சொன்னா ஆர் நம்புவாங்க?" என்றார். தேநீர்க் கடையில் நான் சொன்னதையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அதுவும் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை, பள்ளி நிர்வாகத்தின் சம்மதத்தோடு, மாதக் கணக்கின் பக்கத்தில் வடிகானின் நான்கு கடதாசிகளையும் ஒட்டினோம். நின்று வாசித்தார்கள். அவர் எங்கள் பள்ளிக்குத் திரும்பி வர மேலும் சில மாதங்கள் எடுத்தன.

அந்தச் சபையின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 மே 6 வரை, இரண்டு வருடத்துக்கு மேலாக, கேள்வி கேட்க ஓர் உறுப்பினர்கூட இல்லாமல் உத்தியோகத்தர்களே சபைகளை நடத்தினார்கள். வரி அறவிட்டார்கள், சந்தையைக் குத்தகைக்கு விட்டார்கள். அந்தக் காலத்திலும் தகவல் சட்டம் வேலை செய்தது. கேட்டவர்கள்தான் குறைவு. இப்போது புதிய உறுப்பினர்கள் வந்திருக்கிறார்கள். பலர் இளைஞர், பலருக்கு இது முதல் தடவை. பாதீடு மறுபடியும் பங்காகப் பிரியுமா என்பது அவர்கள் கையில் மட்டும் இல்லை. பாதீட்டு வரைவு சபையில் நிறைவேறுவதற்கு முன் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். அலுவலகத்தில் போய்ப் பார்க்கலாம்.

கேட்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. "சபையின் எல்லா விபரங்களையும் தருக" என்று எழுதாதீர்கள், ஒன்றும் கிடைக்காது. ஒரு வீதி, ஒரு வேலை, ஒரு வருடம் என்று குறிப்பிட்டு, கடதாசியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கடிதத்தின் பிரதியில் கிடைத்த திகதியை முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள். 14 நாள் அந்தத் திகதியிலிருந்துதான் எண்ணப்படும். பிரதி எடுக்கும் கட்டணம் ஏ4 தாளின் ஒரு பக்கத்துக்கு 2 ரூபாய் என்று 2017இல் வர்த்தமானியில் வந்தது. முதல் நான்கு பக்கம் இலவசம். மூல ஆவணத்தை நேரில் பார்க்கவும் கேட்கலாம். கையில் ஒரு கொப்பியும் பேனையும் கொண்டுபோங்கள். ஒப்பந்தத்தில் குறைபாடு திருத்தும் காலம் எப்போது முடிகிறது என்பதை முதலில் பாருங்கள்.