பக்கத்துக் கட்டடம் எல்லை தாண்டினால்

பக்கத்து மனையில் எழும் கட்டடம் மூன்று விதமாக எல்லை தாண்டக்கூடும். சுவரோ காம்பவுண்டோ தரையில் தாண்டும். சஜ்ஜா, பால்கனி, மழைநீர்க் குழாய் போன்றவை தலைக்கு மேலே நீளும். தூணின் அடித்தளமான ஃபுட்டிங் மண்ணுக்கடியில் நுழையும். பெங்களூரில் அல்சூரை ஒட்டிய ஜோகுபாளையம் போன்ற நெருக்கமான பகுதிகளில் அரை அடிகூடச் சின்ன விஷயமல்ல. 30 அடி நீளச் சுவர் அரை அடி உள்ளே வந்தால் 15 சதுர அடி நிலம் போய்விடும்.

கண்ணுக்குத் தெரியாமல் போவது ஃபுட்டிங்தான். அது தூணைவிட நாலாபுறமும் அகலமாக இருக்கும். தூணை எல்லையிலேயே நிறுத்தினால் ஃபுட்டிங்கின் ஒரு பகுதி அடுத்த மனைக்குள் வந்துவிடும். ஃபுட்டிங்கை உட்பக்கமாக ஒதுக்கி, உள்ளே இருக்கும் தூணோடு பீம் போட்டுப் பிணைத்தால் இதைத் தவிர்க்கலாம். குழியை மூடிய பிறகு நிரூபிப்பது கடினம். அதனால் குழி திறந்திருக்கும்போதே டேப் வைத்து அளந்து, தேதியோடு படம் எடுத்துவைக்க வேண்டும்.

அடுத்த வேலை சர்வே. கிரயப் பத்திரத்தில் உள்ள நான்கு எல்லை விவரமும் அளவுகளும்தான் இதற்கு அடிப்படை. காதா வரிக்கணக்குக்கான பதிவு மட்டுமே; அது உரிமையை நிலைநாட்டாது. உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து இரு வீட்டாரும் கூட இருந்து அளந்து, ஸ்கெட்ச்சில் கையெழுத்திட்டால் பல தகராறுகள் அங்கேயே முடிந்துவிடும்.

முடியாதபோது, எங்கே முறையிடுவது என்பது முக்கியம். பக்கத்துக்காரர் தன் மனைக்குள்ளேயே செட்பேக் (எல்லையோரக் காலி இடம்) விடாமலோ, பிளானை மீறி மாடி ஏற்றியோ கட்டினால் மாநகராட்சிப் பொறியாளரிடம் எழுத்துமூலம் புகார் தர வேண்டும். 2025 செப்டம்பர் முதல் நகரம் கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின்கீழ் 5 மாநகராட்சிகளாக இயங்குகிறது; மனை எதில் வருகிறது என்று பார்த்துப் புகார் தர வேண்டும். நிலமே பறிபோனால் அது சிவில் வழக்கு. சிட்டி சிவில் கோர்ட்டில் இடைக்காலத் தடை கேட்கலாம். இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர நீதிமன்ற ஆணையரை நியமிக்கும்படியும் கேட்கலாம்.

கட்டியதைத் தானே இடிக்கப் போவது ஆபத்து. கர்நாடகத்தில் அடுத்தடுத்த நிலத்துக்காரர் இருவரிடையே எழுந்த எல்லைத் தகராறில், நிலைத்த அனுபவத்தில் இருப்பவரைச் சட்டவழியில்தான் வெளியேற்ற வேண்டும் என்று 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக்கிரமிப்பு நடந்துகொண்டிருக்கும்போது மட்டுமே உரிமையாளர் அளவோடு தடுக்கலாம்.

காலமும் கணக்கில் வரும். அனுபவத்தில் இருந்த இடத்தைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பறிகொடுத்தவர், 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டால் பத்திர உரிமையை நிரூபிக்காமலே அனுபவத்தைத் திரும்பப் பெறலாம். உரிமையின் அடிப்படையில் மீட்க 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் தரும் கெடு 12 ஆண்டு. அதற்குள் வழக்குத் தொடராவிட்டால் உரிமையே அழிந்துபோகலாம். மாடி எழும்வரை பேசாமல் இருந்தவருக்கு, இடிக்க உத்தரவிடாமல் நஷ்டஈடு மட்டும் தரவும் கோர்ட் தீர்மானிக்கலாம். விலை பேசி நிலத்தை விட்டுக்கொடுப்பதென்றால் வாய்ப்பேச்சு போதாது. அதையும் பத்திரமாக எழுதிப் பதிவுசெய்ய வேண்டும்.