வர்க்கலாவில் இல்லாத டைனோசர்

திருவனந்தபுரத்துக்கு உறவினர் யார் வந்தாலும் வர்க்கலா கடற்கரைக்குக் கூட்டிப்போவது எங்கள் வீட்டு வழக்கம். போன முறை அண்ணன் மகன் செங்குத்தான அந்தச் செம்பாறையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "சித்தப்பா, இதுக்குள்ள டைனோசர் எலும்பு இருக்குமா?" என்றான்.

இருக்காது. மணலும் களிமண்ணுமாக அந்த அடுக்குகள் படிந்தபோது, டைனோசர்கள் மறைந்து நாலு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. நகரத்துக்கு அடியில் தோண்டினாலும் பயனில்லை. அங்கே கிடப்பது கோண்டலைட்; ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறை. அதில் எலும்பைத் தேடுவது, சுட்ட செங்கலில் புல்லைத் தேடுகிற கதைதான்.

டைனோசர் காலத்தின் பெரும்பகுதியில் கேரளக் கரையே கிடையாது. அந்தப் பக்கம் மடகாஸ்கர் ஒட்டிக்கொண்டிருந்தது. பிரிந்தது சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். இங்கே டைனோசர்கள் மேய்ந்திருக்கலாம். ஆனால் வாழ்ந்தால் போதாது, செத்த உடம்பைச் சேறு மூட வேண்டும். மேட்டு நிலம் மண்ணை இழந்துகொண்டே இருக்கும்; அந்த மண் போய்ப் படிகிற பள்ளத்தில்தான் எலும்பு தங்கும்.

அப்படியொரு பள்ளம் அரியலூர். அன்று அங்கே கடல். இன்றைக்கு சிமென்ட் ஆலைகள் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல் அந்தக் கடல் விட்டுப்போனது. சுருண்ட ஓடுடைய அம்மோனைட்டுகள் ஏராளம். 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளம் வெட்டியபோது கிடைத்த உருண்டைக் கற்களை 'டைனோசர் முட்டை' என்று ஊரே கொண்டாடியது. அம்மோனைட்டைச் சுற்றி மண் இறுகிய உருண்டைகள் அவை என்று நிபுணர்கள் சொன்னதும் கூட்டம் கலைந்தது. எனக்கென்னவோ முட்டையைவிட அம்மோனைட்தான் அழகு.

கடல் பின்வாங்கிய கடைசிக் கட்டத்தில் ஆறுகள் கொண்டுவந்து போட்ட மண்ணடுக்குக்குக் கல்லமேடு என்று பெயர். உண்மையான டைனோசர் இங்கேதான். யாதகிரி, அய்யாசாமி என்ற இரு நிலவியலாளர்கள் 1987இல் இங்கிருந்து ஒரு பூதாகார விலங்கை அறிவித்தார்கள். பெயர் பிருகத்காயோசாரஸ், பெயரின் முதல் பாதி 'பேருடல்' என்று பொருள்படும் வடசொல். கணுக்காலுக்கு மேலுள்ள ஒரே எலும்பு சுமார் 2 மீட்டர், ஆளைவிட உயரம். முதலில் அதை ஊனுண்ணி என்று நினைத்தார்கள். பிறகுதான் நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று தெளிந்தது. எலும்புகளோ தோண்டியெடுத்தபின் உதிர்ந்து பொடியாகிவிட்டன. மிஞ்சியவை படங்கள் மட்டும். உலகின் மிகப் பெரிய விலங்குகளில் அது ஒன்றா என்ற வழக்குக்கு இன்று சாட்சி இல்லை.

பெரியது போனாலும் பொடிசு நின்றது. அதே கல்லமேட்டில் சின்னஞ்சிறு முதலைப் பற்கள் கிடைத்து, 2013இல் ஆய்வாக வெளிவந்தன. மடகாஸ்கரில் வாழ்ந்த சிமோசூக்கஸ் என்ற மொண்ணை மூக்கு முதலையின் பற்களை அவை அப்படியே ஒத்திருந்தன. இலை தழை தின்றதாகக் கருதப்படும் முதலை அது. மடகாஸ்கர் விலகிப்போய் இரண்டு கோடி ஆண்டுக்கு மேலான பிறகும் இரு கரைகளிலும் ஒரே சாயலில் பற்கள்.

அண்ணன் மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்ப அரியலூருக்கு எப்ப போறோம்?" என்றான்.