முன்பாரம், பின்பாரம்: சக்கர வீடு வாங்குவோர் கவனத்துக்கு

மாட்டுவண்டியில் பிரயாணம் செய்து பழகிய தலைமுறையினருக்கு முன்பாரம், பின்பாரம் என்ற இரண்டு சொற்களின் பொருளை ஒருவரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்ததில்லை. வண்டியின் பின்பக்கத்தில் நாலு பேர் நெருக்கியடித்து ஏறிவிட்டால், நுகத்தடி மேலே கிளம்பி மாடுகளின் கழுத்துக் கயிறு இறுகத் தொடங்கும்போது, வண்டிக்காரன் திரும்பிப் பார்க்காமலே, "கொஞ்சம் முன்னாலே தள்ளி உட்காருங்க ஐயா" என்று குரல் கொடுப்பான். இரண்டு பேர் நகர்ந்த மாத்திரத்தில் வண்டி சமனாகிவிடும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நெடுஞ்சாலைகளில், படுக்கை, சமையலறை, குளியலறை சகிதமாக மக்கள் இழுத்துச் செல்லும் சக்கர வீடுகளைத் தேர்ந்தெடுப்பதிலும் ஆதாரமான பிரச்சினை இதுவேதான். ஆனால் அங்கே குரல் கொடுக்க வண்டிக்காரன் இல்லை. விற்பவருக்கோ அதைச் சொல்வதில் லாபம் இல்லை. ஆகையால் பாரத்தின் கணக்கைப் பார்க்கும் பொறுப்பு வாங்குகிறவர் தலையிலேயே விழுகிறது.

இரண்டு வகை, இரண்டு பிடிப்பு

இந்த வண்டிகளில் பெரும்பாலானவை இண்டியானா மாநிலத்து எல்கார்ட் வட்டாரத்தில் உற்பத்தியாகின்றன. இழுத்துச் செல்லும் வகையில் அவை இரு பிரிவாக நிற்கின்றன. முதலாவது, 'பம்பர் புல்' என்று வழங்கும் டிராவல் டிரெயிலர். பம்பரைப் பிடித்து இழுப்பது என்ற பொருள் தொனித்தாலும் அந்தப் பெயர் பொருந்தாப் பெயரே. இழுத்துச் செல்லும் பிக்கப் வண்டியின் அடிச்சட்டத்தோடு இறுக்கிய, ரிசீவர் என்னும் பிடிப்பில் ஓர் இரும்புக் குமிழைப் பொருத்தி, அந்தக் குமிழின்மீதுதான் டிரெயிலரின் மூக்கு அமர்கிறது. பெயரை நம்பிப் பெரிய டிரெயிலர் ஒன்றைப் பம்பரிலேயே மாட்டப் புகுவது ஆபத்தை விலை கொடுத்து வாங்குவதாகும்.

இரண்டாவது, 'ஃபிப்த் வீல்' எனப்படும் ஐந்தாம் சக்கர வண்டி. குதிரை வண்டிக் காலத்தில், முன் அச்சு இடமும் வலமும் திரும்புவதற்காக வண்டியின் அடியில் படுக்கைவசமாக ஒரு வளையம் வைத்திருந்தார்கள். நாலு சக்கரத்துக்கும் மேற்பட்டதாக இருந்த அதற்கு ஐந்தாம் சக்கரம் என்று பெயர். பின்னாளில் சரக்கு லாரிகள் அந்த ஏற்பாட்டைச் சுவீகரித்துக்கொண்டன. ஆகாய விமானத் துறையின் முன்னோடியான கிளென் கர்ட்டிஸ், 1920களில் ஏரோகார் என்ற தமது பிரயாண வண்டியில் அதே தத்துவத்தைக் கையாண்டார். இன்றைய ஐந்தாம் சக்கர வண்டியின் முன்பகுதி பிக்கப்பின் சரக்குத் தொட்டிக்கு மேலே நீண்டு, 'கிங்பின்' என்னும் இரும்பு முளையால், பின் அச்சுக்கு நேர் மேலாகவோ சற்று முன்னதாகவோ பூட்டப்படுகிறது.

ஆட்டமும் அதன் காரணமும்

பம்பர் புல் வண்டியின் பிடிப்பு பிக்கப்பின் பின் அச்சுக்கு நாலைந்து அடி பின்னால் இருப்பதால், டிரெயிலரின் ஒவ்வோர் அசைவும் நெம்புகோல்போல் இழுக்கும் வண்டியின் வாலை அசைக்கிறது. பெரிய லாரி ஒன்று வேகமாகக் கடந்துபோகும் காற்றிலோ, இறக்கத்தில் வேகம் மிஞ்சிய தருணத்திலோ தொடங்குகிற சிறு ஆட்டம், டிரெயிலருக்குள் சாமான்கள் பின்பக்கமாக அடுக்கப்பட்டிருந்தால், ஒன்றுக்கு ஒன்று பெருகி வண்டியையே கவிழ்த்துவிடும். டிரெயிலரின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு வரையில் குமிழின்மீது இறங்க வேண்டும் என்பது விதி. அது பத்துக்குக் கீழே போனால், நம் வண்டிக்காரன் அஞ்சிய பின்பாரம்தான். பாரத்தைப் பிக்கப்பின் முன் அச்சுக்கும் பகிர்ந்தளிக்கும் ஹிட்ச் என்னும் பிணைப்பு அமைப்பும் ஆட்டத்தை அடக்கும் கருவியும் பேருதவி செய்யும். ஆனால் தவறாக ஏற்றிய சுமையை அவை திருத்திவிட மாட்டா.

ஆட்டம் தொடங்கிய பிறகு என்ன செய்வது? திடுக்கிட்டு பிரேக்கை மிதிப்பதும், ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டுவதும், வேகத்தைக் கூட்டித் தப்ப முயல்வதும் மூன்று பிழைகள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, முன்னால் உள்ள கைக் கருவியால் டிரெயிலரின் பிரேக்கை மட்டும் தனியே பிரயோகிப்பதே பரிகாரம்.

ஐந்தாம் சக்கர வண்டியில் பாரம் அச்சின்மீதே இறங்குவதால் இந்த ஆட்டம் மிகக் குறைவு. இதுவே அதன் தலையாய மேன்மை. ஆயினும் அந்த மேன்மை இலவசமாகக் கிடைப்பதன்று. சாதாரணமாக அதன் மொத்த எடையில் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபத்தைந்து பங்கு வரை பிக்கப்பின் முதுகில் ஏறுகிறது. தொட்டியில் வேறு சாமான் வைக்கவும் அதிக இடம் இராது. தொட்டி நீளம் குறைந்த பிக்கப்பாக இருந்து, பின்னால் நகரும் ஹிட்ச்சும் இல்லாவிட்டால், கூர்மையான திருப்பத்தில் டிரெயிலரின் முன்மூலை ஓட்டுநர் முதுகுக்குப் பின்னுள்ள கண்ணாடியை நொறுக்கிவிடும். உயரமோ பல மாதிரிகளில் 13 அடியைத் தொடுகிறது. வட கரோலினா மாநிலத்து டர்ஹாம் நகரில், லாரிகளின் கூரையை உரிப்பதற்கென்றே பேர்பெற்ற ஒரு ரயில் பாலம் உண்டு. 11 அடி 8 அங்குலமாக இருந்த அதை 2019ஆம் ஆண்டு உயர்த்தினார்கள். உயர்த்திய பிறகும் அதன் இடைவெளி 12 அடி 4 அங்குலம்தான். தன் வண்டியின் உயரத்தை ஒரு காகிதத்தில் எழுதிக் கண்ணெதிரே ஒட்டிவைத்துக்கொள்ளாத ஐந்தாம் சக்கரக்காரர் அத்தகைய பாலத்தை ஒருமுறைதான் மறப்பார்.

கதவோரக் காகிதம்

விளம்பரங்கள் முழங்குவது பிக்கப் எத்தனை ஆயிரம் ராத்தல் இழுக்கும் என்பதையே. (அந்நாட்டார் பவுண்டு என்பதையே நம் முன்னோர் ராத்தல் என்றனர்.) வாங்குகிறவர் பார்க்க வேண்டியது வேறோர் எண். ஓட்டுநரின் கதவைத் திறந்து, கதவு பொருந்தும் தூணைப் பாருங்கள். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை ராத்தலை மீறலாகாது என்று ஒரு சிறிய காகிதம் ஒட்டியிருக்கும். கூட்டரசின் பாதுகாப்பு விதிப்படி ஒட்டப்படும் அந்தக் காகிதமே உண்மையான நீதிபதி.

உதாரணமாக, அரை டன் எனப் பெயரளவில் வழங்கும் வகைப் பிக்கப் ஒன்றின் காகிதத்தில் 1,600 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். சாமான் ஏற்றிய நிலையில் 7,000 ராத்தல் உள்ள டிராவல் டிரெயிலரை மாட்டினால், நூற்றுக்குப் பதின்மூன்று வீதம் முன்பாரம் 910. ஹிட்ச்சின் எடை 100. தாய், தந்தை, பிள்ளைகள் இருவருமாக 560. ஆகக் கூட்டினால் 1,570. மிச்சம் 30 ராத்தல். ஒரு நாய்க்குட்டியும் அதன் தீனி மூட்டையும் ஏறினால் கணக்குத் தீர்ந்தது. அதே பிக்கப்பில் 12,000 ராத்தல் ஐந்தாம் சக்கர வண்டியைப் பூட்டினால், இருபது வீதக் கணக்கில் கிங்பின் பாரம் மட்டுமே 2,400. ஓட்டுநர் ஏறி உட்காருமுன்னரே வரம்பு மீறிவிட்டது. முக்கால் டன் அல்லது ஒரு டன் வகைப் பிக்கப்பை வாங்க மனமும் பணமும் உள்ளவருக்கே பெரிய ஐந்தாம் சக்கரம் என்பது இதனால்தான்.

விற்பனைத் தாளில் காணும் 'வெற்றெடை'யை நம்பலாகாது. தண்ணீர் ஒரு காலனுக்கு 8.3 ராத்தல், 50 காலன் தொட்டி நிறைந்தால் அதுவே 415 ராத்தல். எடை, சுமை வரம்புகளை டிரெயிலரில் ஒட்டிய தகட்டிலும் காகிதத்திலும் வாசித்து, புறப்படுமுன் லாரிகள் நிறுத்தும் இடங்களில் உள்ள எடைமேடையில் ஒருமுறை நிறுத்துப் பார்ப்பது உத்தமம். டயரின் வயதையும் பார்க்க வேண்டும். அதன் பக்கவாட்டில், டாட் (DOT) என்ற குறியை அடுத்து வரும் எழுத்துகளின் முடிவில் நாலு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரத்தில் செய்தது என்று பொருள். புது வண்டி என்று சொல்லித் தரும்போதும் அந்த இலக்கங்களைக் குனிந்து வாசிக்கக் கூச்சப்பட வேண்டாம்.

ஓட்டவும் ஏறவும் உள்ள விதிகள்

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கலிபோர்னியாவில் 10,000 ராத்தலுக்கு மேற்பட்ட டிராவல் டிரெயிலரைச் சாதாரண உரிமத்தில் இழுக்க முடியாது. ஐந்தாம் சக்கர வண்டியாயின், சொந்த உபயோகத்துக்கு, தனி அனுமதிக் குறிப்புடன் 15,000 ராத்தல் வரை இழுக்கலாம். அதற்கு மேல் வேறு வகை உரிமம் வேண்டும். அதே மாநிலத்தில் ஓடும் டிராவல் டிரெயிலருக்குள் ஆட்கள் இருப்பது குற்றம். ஐந்தாம் சக்கர வண்டியிலோ, பாதுகாப்புக் கண்ணாடி, ஓட்டுநரோடு தொடர்புகொள்ளும் சாதனம், உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்கும் கதவு ஆகிய நிபந்தனைகளுடன் அனுமதி உண்டு. சட்டம் அனுமதித்தாலும் குழந்தைகளைப் பிக்கப்பிலேயே, பெல்ட் மாட்டி உட்கார வைப்பதே விவேகம்.

கையெழுத்துக்கு முன்னும் பின்னும் உள்ள உரிமைகள்

மூன்று நாளைக்குள் எந்த வியாபாரத்தையும் ரத்துசெய்யலாம் என்ற நம்பிக்கை பலரிடம் வேரூன்றியிருக்கிறது. கூட்டரசின் அந்த விதி வீடு தேடி வந்து விற்பது போன்ற வியாபாரங்களுக்கு உரியதேயன்றி, விற்பனைக் கூடத்துக்கு நாமே சென்று வாங்கிய வண்டிக்குப் பொருந்தாது. ஆகவே, கூரையின் மேலேறித் தையல்களைப் பார்ப்பதும், குழாய்களில் தண்ணீர் விட்டு ஒழுக்கு உண்டா என்று கவனிப்பதும், அடுப்பு, குளிர்ப்பெட்டி, பிரேக் எல்லாவற்றையும் இயக்கச் செய்வதும், கூடுமானால் சுயேச்சையான பரிசோதகர் ஒருவரை அமர்த்துவதும் கையெழுத்துக்கு முன்பே முடிய வேண்டும். பழுதுகளைச் சரிசெய்து தருவோம் என்ற வாய்மொழி வாக்குறுதியை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். நீதிமன்றத்துக்குப் பதிலாக மத்தியஸ்தத்துக்கே போக வேண்டும் என்ற ஷரத்து இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பழுதான வண்டியைத் திரும்பப் பெறச்செய்யும் 'லெமன்' சட்டங்கள் முக்கியமாக மோட்டார் கார்களை உத்தேசித்தவை. தனக்கென எஞ்சின் இல்லாத டிரெயிலர்கள் பல மாநிலங்களில் அவற்றின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. டெக்ஸாஸ், இழுக்கப்படும் வண்டிகளையும் சேர்த்துக்கொண்ட மாநிலங்களில் ஒன்று. மற்ற இடத்தாருக்குத் துணையாவது 1975ஆம் ஆண்டின் மாக்னஸன்-மாஸ் உத்தரவாதச் சட்டம். எழுத்து மூலமாக உத்தரவாதம் தந்த தயாரிப்பாளர், சட்டம் தானே விதிக்கும் உள்ளார்ந்த உத்தரவாதத்தை அடியோடு மறுத்துவிட முடியாது. வழக்கில் வெல்லும் நுகர்வோருக்கு வக்கீல் செலவையும் நீதிமன்றம் வாங்கித் தரலாம். ஒன்றைமட்டும் கவனிக்க வேண்டும்: வருஷம் முழுதும் வண்டியிலேயே குடியிருந்தால் உத்தரவாதம் செல்லாது என்று பல தயாரிப்பாளர்கள் எழுதிவைக்கிறார்கள். ஐந்தாம் சக்கர வண்டியை நிரந்தர இல்லமாகக் கருதுவோர் இந்த வரியைத் தேடி வாசிக்க வேண்டும்.

விற்பவர் ஏற்பாடு செய்த கடன், சட்டம் குறிக்கும் உச்சத் தொகைக்குள் அடங்குமாயின், விற்பவர்மேல் நமக்குள்ள ஆட்சேபங்களைக் கடன் பத்திரத்தை வைத்திருப்பவர் மீதும் எழுப்பலாம். கூட்டரசின் வர்த்தக ஆணையம் 1975இல் வகுத்த விதி இது. பாதுகாப்பைப் பாதிக்கும் பழுது என்றால், தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் எவரும் புகார் கொடுக்கலாம். பழுதுக்காகத் தயாரிப்பாளர் வண்டியைத் திரும்ப அழைத்திருக்கிறாரா என்பதையும் அந்நிர்வாகத்திடம் அறியலாம். அவ்வாறு அழைக்கப்பட்ட வண்டியை, முதல் விற்பனையிலிருந்து 15 ஆண்டு வரை, கட்டணமின்றிச் சீர்செய்துதர வேண்டியது தயாரிப்பாளரின் கடமை.

புகார்கள் வீண்போவதில்லை என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2005இல் கத்ரீனா புயலால் வீடிழந்தோருக்கு அரசாங்கம் கொடுத்த டிரெயிலர்களில் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலும் வருவதாகக் குடியிருந்தோர் முறையிட்டார்கள். பின்னர் 519 வண்டிகளில் காற்றைச் சோதித்தபோது, ஃபார்மால்டிஹைடு என்ற நச்சாவி சராசரியாக நூறு கோடியில் 77 பங்கு இருந்தது தெரிந்தது. 2010இல் ஒட்டுமரப் பலகைகளிலிருந்து வெளிப்படும் அந்த நச்சாவிக்கு வரம்பு கட்டும் சட்டம் பிறந்தது.

முடிவாகச் சொல்லவேண்டியது சுருக்கமானது. கையில் அரை டன் பிக்கப் மட்டுமே உள்ளவர், அளவான டிராவல் டிரெயிலரை வாங்கி, முன்பாரம் சரியாக விழும்படி சுமை ஏற்றி ஓட்டுவதே நியாயம். பெரிய வண்டியில் மாதக்கணக்காகத் திரிய விரும்புவோர், அதற்குத் தக்க பிக்கப்பின் விலையையும் சேர்த்தெண்ணி ஐந்தாம் சக்கரத்தை நாடலாம். எதுவாயினும், விற்பனைக் கூடத்துக்குள் நுழையுமுன் உங்கள் பிக்கப்பின் கதவைத் திறந்து அந்தக் காகிதத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். அந்த எண்ணுக்கு அடங்காத வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் கையெழுத்துப் போடாமல் திரும்பி வாருங்கள்.