டர்போசார்ஜர் மாற்றும்போது எட்டாத நட்டுகளைக் கழற்றுதல்

டர்போசார்ஜர் என்பது எஞ்சின் வெளியேற்றும் புகையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி ஆகும். அதை மாற்றும் வேலையில் பெரும்பங்கு நேரத்தை எடுத்துக்கொள்பவை, அதைப் பிடித்திருக்கும் சில நட்டுகளே. பெட்ரோல் எஞ்சினில் புகையின் வெப்பம் 900 பாகை செல்சியசைத் தொடக்கூடும். பலமுறை காய்ந்து குளிர்ந்த நட்டும் ஸ்டட்டும் துருவேறி ஒன்றோடொன்று இறுகிவிடுகின்றன. கோணலாக மாட்டிய கருவியால் இவற்றை வலிந்து திருப்பினால் நட்டின் முனைகள் மழுங்கும், அல்லது ஸ்டட் முறியும். முறிந்த ஸ்டட்டைத் துளையிட்டு எடுப்பது தனி வேலை.

சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ் காரின் இஜே வகை எஞ்சின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இதில் சிலிண்டர்கள் இருபுறமும் படுத்திருக்கும். புகை அடியிலிருந்து ஒரு குழாய் வழியாக மேலேறி, எஞ்சினின் பின்புறம் உள்ள டர்போவை அடைகிறது. மேலே இருக்கும் இன்டர்கூலரைக் கழற்றினால் டர்போ கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஏறுகுழாயோடு அதை இணைக்கும் மூன்று நட்டுகள் அதன் அடியில் உள்ளன. இறங்குகுழாய் இணைப்பு ஐந்து இடங்களில் இறுக்கப்பட்டிருக்கும். மேலுள்ளவை எளிது, கீழுள்ளவற்றுக்குக் காரைத் தூக்கி, அடியிலிருந்து நீண்ட எக்ஸ்டென்ஷன் செலுத்துவது வழக்கம்.

எட்டுவதில் இரண்டு சிக்கல்கள் உண்டு: கருவி நட்டின் மேல் நேராக அமர வேண்டும், கைப்பிடி அசைய இடம் வேண்டும். அறுகோண நட்டில் ஃபிக்ஸ் ஸ்பேனரை ஒருமுறை எடுத்து மாட்ட 60 பாகை திருப்ப வேண்டும். 20 செ.மீ. கைப்பிடியின் நுனிக்கு இது 20 செ.மீ. நகர்வு. ஸ்பேனரின் வாய் 15 பாகை சாய்வாக அமைக்கப்படுவது இதற்காகத்தான்; ஒவ்வொரு முறையும் புரட்டி மாட்டினால் 30 பாகை போதும். 72 பல் கொண்ட ராட்செட்டுக்கு 5 பாகையே போதும். அதே நுனி 2 செ.மீ. கூட நகர வேண்டியதில்லை. பன்னிரு முனை சாக்கெட்டை மாட்டுவது எளிது. ஆனால் துருப்பிடித்த நட்டுக்கு, பக்கங்களை நன்றாகப் பற்றும் ஆறு முனை சாக்கெட்டே பாதுகாப்பானது.

வளையும் யுனிவர்சல் ஜாயிண்ட் கைக்கு வசதியாகத் தோன்றினாலும், கோணம் அதிகமானால் விசை பக்கவாட்டில் சென்று சாக்கெட்டைச் சாய்த்துவிடும். அத்தகைய இடத்தில் வெப்பத் தடுப்புத் தகட்டையோ இன்னொரு குழாயையோ கழற்றி வழி ஏற்படுத்துவது, நேரம் பிடித்தாலும், ஸ்டட்டை முறிப்பதைவிட மலிவு. நீண்ட எக்ஸ்டென்ஷன் முறுக்கிக்கொள்வது போல் உணரப்பட்டாலும், கையால் தரும் முறுக்குவிசை நட்டை முழுமையாகவே சேர்கிறது. இம்பாக்ட் கன்னின் அதிர்ச்சி மட்டும் வழியிலேயே பெரிதும் குறைகிறது.

ஊடுருவும் எண்ணெயை முந்தின நாளே தெளித்து ஊறவிடுவது நல்லது. நட்டைக் கழற்றும் முன் சிறிதளவு இறுக்கும் திசையில் அசைத்தால் துருப்பிடிப்பு உடையும். நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து வெளியே வந்தால் கவலையில்லை, புதிய ஸ்டட் பொருத்திக்கொள்ளலாம். தீச்சுடரால் சூடேற்றுவதும் பலன் தரும்; அருகில் ரப்பர் குழாயோ எரிபொருள் குழாயோ இருந்தால் கூடாது.

டர்போவை எடுத்தவுடன் ஏறுகுழாயின் வாயைத் துணியால் அடைக்க வேண்டும். உள்ளே விழுந்த ஒரு நட்டு, நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் புதிய சக்கரத்தை முதல் ஓட்டத்திலேயே நொறுக்கிவிடும்.

திரும்ப மாட்டும்போது எல்லா நட்டுகளையும் முதலில் கையால் சில சுற்றுகள் ஏற்றிய பின்பே எதையும் இறுக்க வேண்டும். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டால் மற்றவற்றின் துளைகள் ஒத்துவராமல் போகலாம். கண்ணுக்குத் தெரியாத நட்டைச் சாக்கெட்டுக்குள் சிறிது கிரீஸால் ஒட்டவைத்துக் கொண்டுசெல்வார்கள்.

எண்ணெய் வரும் குழாயின் துளையுள்ள போல்ட்டையும் பார்க்க வேண்டும். சில ஆண்டுகளின் மாடல்களில் அதனுள் சிறு வலை வடிகட்டி உண்டு. பழைய டர்போ கெட்டதற்கு அந்த அடைப்பே காரணமாக இருந்தால் புதியதும் அதே வழியில் கெடும். வாஷர்களைப் புதிதாகப் போட்டு, எண்ணெய்த் துளையில் சுத்தமான எண்ணெய் ஊற்றி, எரிபொருளை நிறுத்திவைத்துச் சிறிது நேரம் ஸ்டார்ட்டரைச் சுற்றி, எண்ணெய் அழுத்தம் வந்த பின்பே எஞ்சினை இயக்க வேண்டும்.